தையலுக்குள் விட்ட துணி

அந்தத் தெருவில் யாராவது அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எல்லாருக்கும் அவர் பட்டன். மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள்; தெருவுக்கு அவள் டெய்லரம்மா. அவள் வெட்டித் தைத்துப் போடுவதற்குப் பட்டன் வைப்பது, காஜா எடுப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது, பழசைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பெண்டாட்டியிடம் கூலிக்கு இருக்கிறவர் என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். "முதலாளி நல்லவங்கதான். கோபம் வந்தா மட்டும் கத்திரியக் கொஞ்சம் தள்ளி வச்சிடணும்" என்பார்.

கடை என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு நீள அறை. வாசல் பக்கம் வெட்டுகிற மேஜை. அதன் மூலைகள் பல வருஷத்து உரசலில் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிப் போயிருக்கும். இரண்டு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு திரையும் நிலைக்கண்ணாடியும். ஜன்னலோரம் பட்டனின் ஸ்டூல். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். மேலே வீடு. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

தைக்கிறவர்கள் எல்லாருமே தையலுக்கு உள்பக்கம் கொஞ்சம் துணியை விட்டுவைத்துத்தான் வெட்டுவார்கள். உடுத்துகிறவர் நாளைக்கே பெருத்துப் போகலாம், வெட்டினவர் கணக்கும் தப்பலாம். பிரித்து விட இடம் வேண்டாமா? டெய்லரம்மா விடுவது ஓர் அங்குலம். உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகிறவருக்கு அது தெரியாது. பிரிக்கிறவருக்குத் தெரியும். சில உடுப்புகளில் ஓர் அங்குலத்துக்குப் பதில் இரண்டு, இரண்டரை இருப்பதையும், சிலவற்றில் ஒன்றுமே இல்லாமல் நூல் துணியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு நிற்பதையும் பட்டன் பார்த்திருக்கிறார். துணி பற்றவில்லையோ என்னமோ என்று நினைத்துக்கொள்வார். பதினேழு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு நூல் பட்டன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அளந்து பேசுகிற ஆள். வாடிக்கையாளர் கேட்டதை எடுத்து வைப்பார், கேட்காததைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அந்தக் கடைக்குள் ஒரு மத்தியானம் அவள் காற்று மாதிரி வந்தாள். பதினோரு இழுப்பறைகளைத் திறக்கச் சொன்னாள். பட்டன்களைக் கண்ணாடி மேல் வரிசை வரிசையாகப் பரப்பி, எது யார் சட்டையில் போய் உட்காரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னாள். நடுவில் அவர் கழுத்தைப் பார்த்து, "இந்தக் காலர உங்களுக்குத் தச்சவன் உங்க விரோதியாத்தான் இருக்கணும்" என்றாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். நாலாவது நாள் அளவே எடுக்காமல் அவருக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது நாள், கடை நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டாள்: "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. நாளைக்கு வேணாம், இப்பவே சொல்லிடுங்க."

கையிலிருந்த கொக்கி டப்பா கீழே விழுந்து தரையெல்லாம் சிதறியது. குனிந்து பொறுக்கிக்கொண்டே, "சரிங்க" என்றார்.

அதுவரை அவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற பையன் அவர்தான். அந்த ஒன்பது நாளை அவர் மனசுக்குள் எத்தனை முறை விரித்துப் பார்த்து மடித்து வைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. அவளுடைய தம்பி பஸ் கண்டக்டர். அவன் இன்றைக்கும் ஆள் கிடைத்தால் விடமாட்டான்: "எங்கக்கா பட்டன் வாங்கக் கடைக்குப் போயி பட்டன்காரரையே வாங்கிட்டு வந்தவ. பாக்கிச் சில்லறைகூடக் கேக்கல."

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைத்த இடத்திலேயே காய்ந்தது. தலை வாரவில்லை. கத்திரியை எடுத்தால் இரும்புத் தூணைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். எப்போதாவது கீழே இறங்கி வந்தாலும் அளந்ததையே நாலு முறை அளந்தாள், ஐந்தாவது முறை அவரை அளக்கச் சொன்னாள். தன்னைக் கட்டிக்கொண்டதற்குத்தான் வருத்தப்படுகிறாளோ என்று அவருக்குத் தோன்றியது. கேட்டும்விட்டார்.

"உங்களால இல்லங்க," என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "எதுனாலன்னு எனக்கே தெரியல."

ஒன்றரை மாதத்தில் தானாக எழுந்தாள். அப்புறம் அடுத்த வருஷம் மறுபடி. சில சமயம் வருஷத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு வருஷம் எதுவும் இல்லை. வீட்டில் அதற்கு ஒரு பேரே வந்துவிட்டது: சுவர். "அக்கா எப்படி இருக்கு?" என்று தம்பி போனில் கேட்டால், "சுவர்ப்பா" என்பார் பட்டன். அவன் அந்த வாரம் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். சுவருக்குப் பேர் இருந்தது. மற்ற நாட்களுக்குப் பேர் கிடையாது. பேர் எதற்கு? அதுதானே அவள். விடியும் முன்பே மிஷின் ஓடும். கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற கிழவரையும் சிரிக்க வைப்பாள். நாலு நாளில் நாற்பது சட்டை வெட்டுவாள். அந்த நாட்களைக் கண்டால் பட்டனுக்கு அந்தப் பதினோரு இழுப்பறை மத்தியானம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

டாக்டரிடம் போனதெல்லாம் சுவர் வந்தபோதுதான். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டாக்டருக்கு முன்னால் யார் உட்கார வைப்பார்கள்? தெரு முனை டாக்டரும் தம்மால் ஆனதைப் பார்த்தார். ரத்தம் பார்த்தார், தைராய்டு பார்த்தார், இரும்புச் சத்துக்கு மாத்திரை தந்தார். இந்த வருஷத்துச் சுவர் மூன்று மாதம் நின்றபோது, "இது மனச்சோர்வுதான். இனிமே தள்ளிப் போட வேணாம்" என்று அதற்கு மாத்திரை எழுதினார்.

பத்தே நாள். டெய்லரம்மா பாட்டுப் பாடிக்கொண்டு படியிறங்கினாள்.

வீடே கூத்தாடியது. தம்பி கேக் வாங்கி வந்து, "மாமா, அந்த டாக்டருக்குச் சிலை வைக்கணும்" என்றான். அந்த வாரம்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பேண்டுக் குழுவுக்கு இருபத்தாறு கோட் தைக்கிற வேலை வந்தது. பட்டன் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் தடுத்தாள். பிள்ளைகள் மைதானத்தில் ஊதிக்கொண்டும் அடித்துக்கொண்டும் நடந்ததைச் சுவரோரம் நின்று ஒரு தடவை பார்த்தாள். "கண்ணுல ஏறிடுச்சு, போதும்" என்றாள். இரண்டு நாளில் இருபத்தாறையும் வெட்டித் தள்ளினாள். தூக்கம் இரண்டு மணி நேரம். எழுந்தால் எட்டு மணி நேரம் தூங்கினவள் மாதிரி முகம் பளிச்சென்று இருக்கும். அவர் பட்டன் வைத்துவைத்துக் கட்டைவிரல் மரத்துப்போனது. சந்தோஷமாகத்தான் வைத்தார்.

போட்டுப் பார்க்கிற அன்று, முரசு அடிக்கிற பெண் கையைத் தூக்கியதும் முதுகில் டர்ரென்று ஒரு சத்தம். எக்காளம் ஊதுகிற பையனுக்குக் கோட்டின் கை முழங்கையோடு நின்றுவிட்டது. "பரவாயில்லை, கொஞ்சம் பிரிச்சு விட்டாப் போதும்" என்றார் பேண்டு மாஸ்டர், நல்ல மனுஷர். பட்டன் ஒரு கோட்டின் பக்கத் தையலைப் பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்ததைப் பிரித்தார். அதிலும் இல்லை. இருபத்தாறிலும் இல்லை.

"என் வெட்டு தப்பாது சார்," என்றாள் டெய்லரம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "பிள்ளைங்கள ஒல்லியாக்கிக் கூட்டிட்டு வாங்க."

மாஸ்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பட்டன் மெதுவாக, "இல்லம்மா, உள்ள துணியே விடல..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பட்டன் தைக்கிறவரு. பட்டன மட்டும் பாருங்க."

ஊரே கேலி செய்தபோது கூடச் சேர்ந்து சிரித்தவருக்கு அதற்குச் சிரிக்க வரவில்லை.

அடுத்த வாரம் சுவர் வந்தது, முன்பு எப்போதும் வராத மாதிரி. அவள் மேலே படுத்திருக்க, பட்டன் கீழே இருபத்தாறு கோட்டுக்கும் அக்குளிலிருந்து இடுப்புவரை சிவப்புத் துணியில் ஒரு பட்டை வைத்து ஒட்டுப்போட்டார். வேறு வழியில்லாமல் போட்டது. ஊர்வலத்தில் அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு இன்னொரு பள்ளிக்கூடத்தார் அதே டிசைன் வேண்டும் என்று வந்து நின்றார்கள். அவளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கண்ணோரம் ஈரம் இறங்கித் தலையணைக்குள் போனது.

தெரு முனை டாக்டர் நடந்ததையெல்லாம் கேட்டு முகம் மாறிப்போனார். மாத்திரையை நிறுத்தினார். "இத நான் முன்னாடியே கேட்டிருக்கணும். மனநல டாக்டர்கிட்டப் போங்க. தள்ளிப் போடாதீங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டருடைய அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. ஐம்பது வயதுப் பெண்மணி; பேனா மூடியைக் கடித்துக் கடித்து அது பாதியாகியிருந்தது. டெய்லரம்மாவிடம் அவசரமில்லாமல் பேசினார். சாப்பாடு, தூக்கம், அழுகை. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்றும் நேராகக் கேட்டார்.

"தோணியிருக்கு. எதுவும் செய்யணும்னு இல்ல. இல்லாமப் போயிட்டா எல்லாருக்கும் லேசா இருக்குமேன்னு."

பட்டனுக்கு அது புதுச் செய்தி. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் தலையசைத்து எழுதிக்கொண்டு, அடுத்ததைக் கேட்டார். "இதுக்கு நேரெதிரா எப்பவாவது இருந்திருக்கா? தூக்கம் கொஞ்சமா இருந்தும் களைப்பே தெரியாம, மனசுல ஒண்ணு மேல ஒண்ணா யோசனை ஓடி, வழக்கத்தவிட நிறையப் பேசி, எதையும் முடிச்சிடலாம்னு தோணி, யாராவது தடுத்தா சுள்ளுன்னு கோபம் வந்து? அந்த மாத்திரை சாப்பிடறதுக்கு முன்னால?"

"அப்படியெல்லாம் இல்ல டாக்டர். மத்த நாள் நல்லாத்தான் இருப்பேன்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

பட்டன் ஊசி குத்திக் குத்தித் தடித்த தன் விரல் நுனிகளைப் பார்த்தார். "நல்லா இருக்கும்போது நல்லா இருப்பா," என்றார்.

"எப்படி நல்லா?"

"நல்லா வேலை செய்வா."

பேனா மூடி ஒரு தடவை கடிபட்டது. "ரெண்டு பேரும் நோவா இருந்த நாளப் பத்தி நிறையச் சொல்லிட்டீங்க. எனக்கு நல்லா இருந்த நாளப் பத்தித்தான் தெரியணும். இறக்கம் மட்டும்னா ஒரு மருந்து. ஏத்தமும் இறக்கமும் ஒரே நோவா இருந்தா மருந்தே வேற. மாத்திக் கொடுத்தா என்னாகும்னு இப்பதான் பாத்தீங்க. ஏறி நிக்கறவங்களுக்குத் தான் ஏறி நிக்கறது தெரியாது சார். கூட இருந்து பாத்தவங்கதான் சொல்லணும். இப்போதைக்குத் தூக்கத்துக்கு மட்டும் ஒண்ணு தரேன். ராத்திரியில அவங்களத் தனியா விடாதீங்க. அந்த மாதிரி நினைப்பு அதிகமானா நாள் கிழமை பாக்காம உடனே வந்துடுங்க. இல்லேன்னா அடுத்த வாரம். யோசிச்சிட்டு வாங்க."

யோசிக்க அவருக்கு ஒன்றுமில்லை. கோட்டுகளைப் பிரித்த அன்றே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அந்த நல்ல நாட்கள் நோவு என்றால், நோவுக்கு மருந்து வரும். மருந்து வந்தால் அந்த நாட்கள் போகும். அது போகட்டும். அந்தப் பதினோரு இழுப்பறை மத்தியானம்? அதுவும் நோவு என்றால், அவரைத் தேர்ந்தெடுத்தது யார்?

ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. டெய்லரம்மா தைக்கிற ஒவ்வொரு உடுப்பிலும் உள்பக்கம் ஒரு சின்ன நாடாவில் மாதமும் வருஷமும் மையால் எழுதித் தைத்திருப்பாள். அது அவள் பழக்கம். பட்டன் தெருத் தெருவாகப் போனார். "பட்டன் தளர்ந்திருக்கும், சும்மா பாத்துத் தரேன்" என்று சொல்லிப் பழைய வாடிக்கைக்காரர்களிடமிருந்து சட்டை, பாவாடை, கோட் என்று மூட்டை மூட்டையாக வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் பக்கத் தையலை இரண்டு விரல் நீளம் பிரித்து, உள்ளே எவ்வளவு என்று பார்த்து, ஒரு பழைய டயரியில் எழுதி, மறுபடி தைத்துவைத்தார்.

கண்டக்டர் மைத்துனன் வந்து பார்த்தான். "என்ன மாமா, ஊருக்கே இலவச பட்டன் சேவையா? எலெக்‌ஷன்ல நிக்கப்போறீங்களா?"

பட்டன் டயரியை நீட்டினார். அவன் படித்தான். ஓர் அங்குலம், ஓர் அங்குலம், இரண்டரை, இரண்டரை, ஒன்று, ஒன்று, இல்லை, இல்லை, இல்லை, இரண்டு. இல்லை என்று வருகிற மாதங்களுக்கு அப்புறம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை என்று வந்தது; அவை சுவர் நின்ற மாதங்கள். அவன் டிக்கெட் பையைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"எங்கப்பா ஒருதடவ வீட்டுக் கூரையப் பிரிச்சுப் போட்டாரு மாமா. மாடி கட்டறேன்னு. மூணு நாள்ல ஓடு முழுக்க இறக்கிட்டாரு, ஒத்த ஆளா. அப்புறம் மழை வந்துச்சு. அவரு ரெண்டு மாசம் எந்திரிக்கவே இல்ல. ஓடு போச்சேன்னு வருத்தப்படறாருன்னு நினைச்சோம்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இத டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அந்தக் கூரையையும் சேத்துச் சொல்லுங்க."

அவன் போனபின் பட்டன் மாடியேறி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். நாலாவது நாள் அவள் கொண்டுவந்தது. அதைப் பிரிக்காமல் விட்டிருக்கலாம். பிரித்தார். நூல் துணியின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்தது. மறுபடி தைக்கப் பார்த்தார். விளிம்பு பிசிறிவிட்டது, தைக்கத் துணியில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டு, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். கொதித்துக் கொதித்துப் பாத்திரம் வற்றுகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் டாக்டர் அறையில் பட்டன் டயரியை விரித்துப் படித்தார். வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அங்குலக் கணக்கு, விடியுமுன் ஓடுகிற மிஷின், இரண்டு மணி நேரத் தூக்கம், நாற்பது சட்டை, வாடிக்கைக்காரர்களோடு சண்டை, மாமனாருடைய கூரை. டெய்லரம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டாள்: "என் தையலையெல்லாம் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"திரும்பத் தச்சுட்டேன்மா."

"கைத்தையலா?"

"ம்."

"அதான் பாத்தேன். அந்தப் பாட்டியம்மா பாவாடையில இழுப்பு இருந்துது."

டாக்டர் டயரியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விரலால் மாதங்களைத் தொட்டுக்கொண்டே போனார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் ஷீட்ட நான் பாத்ததில்ல சார். ஏத்தத்துல தப்பே நடக்காதுன்னு வெட்டியிருக்காங்க. இறக்கத்துல எல்லாமே தப்பாயிடும்னு பயந்து விட்டிருக்காங்க." நிமிர்ந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சு முதல் ஏத்தம் எப்போ?"

பட்டன் கையை நீட்டிப் பக்கங்களைப் பின்னால் திருப்பினார். டயரியின் முதல் பக்கத்தில் எதுவும் எழுதப்படாமல் இருந்தது.

"நான் சொல்றேன் டாக்டர்," என்றாள் டெய்லரம்மா. "இவர்கிட்டப் போயி நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேனே, அந்த மாசம். அதத்தான் இவர் முழுங்கிட்டு உக்காந்திருக்காரு."

அப்புறம் டாக்டர் இன்னும் பல கேள்விகள் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது, வேறு மருந்து ஏதாவது, குடிப் பழக்கம், தைராய்டு சோதனை எப்போது எடுத்தது. எல்லாம் முடித்துப் பேரைச் சொன்னார். இருதுருவ மனநிலைக் கோளாறு, பைபோலார் என்பார்கள். மனசு இரண்டு கோடிக்கும் போய்வருகிற நோய். சோர்வில் மட்டும் டாக்டரிடம் வருகிறவர்களுக்கு வருஷக்கணக்காகக் கண்டுபிடிபடாமலே போவதுண்டு என்றார். மனசை நிதானத்தில் பிடித்து வைக்கிற மருந்து உண்டு, அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், சரியான அளவுக்கு வரச் சில மாதம் ஆகும், நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது.

"வேகம் போயிடுமா?" என்றாள். "என் வேகத்துலதான் கடை ஓடுது."

"கை போகாது. கண்ணு போகாது. அந்த வேகம் கொஞ்சம் குறையும். ஆரம்பத்துல அது ஒரு இழப்பு மாதிரிகூட இருக்கும். இல்லன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

மருந்து வாங்குகிற இடத்தில் கூட்டம். எழுபத்து மூன்றாம் எண் சீட்டை வாங்கிக்கொண்டு இருவரும் நீள பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பலகையில் ஐம்பத்தெட்டு எரிந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு குழந்தை செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது.

"எத்தனை நாளா இதயே நினைச்சிட்டிருக்கீங்க?" என்றாள்.

"எதை?"

"நோவு வந்து உங்களக் கேட்டுச்சு, நான் கேக்கலன்னு."

அவர் சீட்டை நாலாக மடித்தார், பிரித்தார்.

"கிழிச்சிடாதீங்க, மறுபடி வரிசையில நிக்கணும்." சீட்டை வாங்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். குரல் இன்னும் சுவர்க் குரலாகத்தான் இருந்தது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் தூக்கி வைக்கிற மாதிரி. "அன்னிக்கு அத்தனை பேர் முன்னால கேட்ட தைரியம் வேணா அதோடதா இருக்கலாம். எனக்குத் தெரியல. நல்லா இருந்திருந்தா அப்படிக் கேட்டிருக்கமாட்டேன். ஆனா நான் உங்க கடைக்கு முதல் முதலா வந்தது அன்னிக்கு இல்ல."

"அன்னிக்குத்தாம்மா. பதினோரு இழுப்பறை..."

"அதுக்கு முந்தின மழைக்காலம். சாம்பல் கலர்ல ஒரு சால்வை போத்திட்டு வருவேன். தலையத் தூக்கமாட்டேன். ஒரு துண்டுத் துணிய கண்ணாடி மேல வைப்பேன், அதுக்குப் பொருத்தமா நூல் வேணும்னு. வாய் தொறந்து சொல்லக்கூட முடியாது அப்போ."

பட்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். ஊமை என்று நினைத்திருந்தார். துண்டுத் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நாலைந்து நூல்கண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரியானதை எடுத்துக் கொடுப்பார். அவள் எடுத்துக்கொண்டு போவாள். எப்போதிலிருந்தோ வருவதை நிறுத்திவிட்டாள். ஏதாவது ஆகியிருக்குமோ என்று ஓரிரு முறை நினைத்ததுகூட ஞாபகம் வந்தது.

"அது நீயா?"

"நான்தான். ஏழு தடவ வந்தேன். மத்த கடையில என்ன வேணும், என்ன வேணும்னு அதட்டுவாங்க. இல்லேன்னா உடம்பு சரியில்லையாம்மான்னு கேட்டு உயிர எடுப்பாங்க. நீங்க ஒண்ணும் கேக்கல. வெளிச்சத்துல வச்சுப் பாத்து எடுத்துக் கொடுத்தீங்க. ஒரு வார்த்த கூடப் பேசியிருந்தா எட்டூருக்கு அப்பால போயிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு அப்போ நூல் தேவையே இல்ல. துணிய வெட்டினாத்தானே நூல் வேணும். சும்மா வந்தேன்."

"இத்தனை வருஷம் சொல்லலியே."

"உங்களுக்கு அது நான்தான்னு தெரியும்னு நினைச்சேன். தெரியலன்னு அப்புறம் புரிஞ்சுது. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். முதல்ல பாத்தது அந்த முகம்னு உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்னு."

குழந்தையின் செருப்பு ஒன்று இவர்கள் காலடிக்கு வந்து விழுந்தது. பட்டன் குனிந்து எடுத்துக் கொடுத்தார். நிமிர்ந்தபோது கண்ணில் எல்லாம் கலங்கலாக இருந்தது. சால்வைக்காரியையும், இழுப்பறைகளைத் திறக்கச் சொன்னவளையும், பக்கத்தில் எண்ணெய் காணாத தலையோடு உட்கார்ந்திருப்பவளையும் ஒரே ஆளாகப் பார்க்க முயன்றார். உடனே வரவில்லை.

"பேசாம இருக்காதீங்க," என்றாள். "ஏதாவது சொல்லுங்க."

"ஒரு வார்த்த பேசியிருந்தா ஓடியிருப்பேன்னு இப்பதானே சொன்ன."

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. மூன்று வாரத்தில் சிரிப்புக்குக் கிட்டத்தில் வந்தது அதுதான்.

எழுபத்து மூன்று எரிந்தது. அவளே எழுந்து போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மாத்திரை அட்டைகளை எண்ணி வைத்து, ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிச் சொன்னாள். காலையில் இது, ராத்திரி சாப்பிட்டதும் இது, தண்ணீர் நன்றாகக் குடிக்கணும், வாந்தி பேதி என்றால் உடனே வரணும்.

"பேஷண்ட் யாரும்மா?"

"நான்தான்."

"கூட யாராவது வந்திருக்காங்களா? அவங்களும் ஒருதடவ கேட்டுக்கணும்."

டெய்லரம்மா திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். பட்டன் எழுந்து போனார்.